மிஸ் கெடுத்த நெஞ்சு

எங்கள் குவார்ட்டர்ஸில் இன்னமும் ஒரு பேச்சு உண்டு. என்னை ஓட வைத்து ஓட வைத்தே என் நெஞ்சைக் கெடுத்துவிட்டது எங்கள் ஃபுட்பால் மிஸ்தான் என்று. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கிற பெண்கள் என்னைக் கண்டதும் தலையைச் சாய்த்துக்கொண்டு, "எப்பிடித் துள்ளிட்டு இருந்த புள்ள, பாவம்" என்பார்கள். பாவம் என்ற சொல்லை இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் பேச்சு பொய். அந்தப் பொய்யால் ஒருத்தர் தன் வேலையை இழந்தார், அதைவிடப் பெரியதையும் இழந்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நீலகிரி மலையில் அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வேலை. அம்மா பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தார். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு விளையாட்டு டீச்சராக மிஸ் வந்தார். தற்காலிக வேலைதான். கேரள எல்லையோரம் சேரங்கோடு பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர் என்பதால் அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம் ஓடும். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. குள்ளம். வெயிலோ மழையோ ஒரே சிவப்பு ஜெர்கின். எங்களைப் பேக்கரி வர்க்கி தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு, டீயில் வர்க்கியை முக்கி எங்கள் முன்னாலேயே சாப்பிடுவார். மேட்ச் தோற்றால் எங்களைவிட அவர்தான் அதிகம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். பெரிய மேதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளையின் உடம்பைப் பார்த்தால் அதற்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

முதல் நாள் எங்களை மைதானத்தில் ஓடச் சொன்னார். ஓடினோம். கையைத் தட்டி நிறுத்தினார்.

"நிலம் நேராத்தானே கிடக்கு? நீங்க எதுக்கு மேடு ஏறுறீங்க?"

எங்களுக்குப் புரியவில்லை. பிறகு ஒவ்வொருத்தியையும் ஓட விட்டு மற்றவர்களைப் பார்க்கச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் முன்னால் குனிந்து, குட்டிக் குட்டியாக அடி வைத்து ஓடுகிறோம். பள்ளிக்கு மேடு, கடைக்குப் பள்ளம், கோயிலுக்குப் படி என்று வளர்ந்த உடம்பு, சமதளத்திலும் மேட்டைத் தேடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து, காலை நீட்டி ஓடப் பழகுவதற்கே அந்த மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார். எங்களில் ஒருத்திகூடப் பந்தை ஓங்கி உதைக்க மாட்டாள். எதிரணி மேலே வந்து விழுந்தாலும் காலுக்கடியிலேயே வைத்துத் தடவிக்கொண்டிருப்போம். அதற்குக் காரணம் பயம் இல்லை. எங்கள் ஊரில் பந்து வெளியே போனால் தேயிலைக்குள் உருளும், அங்கிருந்து ஓடை வரைக்கும் போகும். உதைத்தவள்தான் இறங்கி எடுக்க வேண்டும். காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து இறங்க வேண்டும். இந்தச் சட்டத்திலேயே விளையாடி வளர்ந்தவர்களுக்கு ஓங்கி உதைக்கக் கால் வருமா? மிஸ் ஒரு சாயங்காலம் இருக்கிற பழைய பந்தையெல்லாம் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். எல்லாவற்றையும் தேயிலைக்குள் உதைக்கச் சொன்னார். "எடுக்கிறது என் வேலை" என்றார். முதலில் தயங்கினோம். பிறகு வெறி பிடித்து உதைத்தோம். எஸ்டேட் வாட்ச்மேன் கீழேயிருந்து கத்த, மிஸ் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டே புதருக்குள் இறங்கிப் பந்துகளைப் பொறுக்கி வந்தார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது.

எட்டாவது முடிகிற சமயத்தில் நான் திடுதிப்பென்று வளர்ந்தேன். பாவாடையெல்லாம் முழங்காலுக்கு ஏறியது. கால் என் கால் மாதிரியே இல்லை. முந்தின மாதம் கண்ணை மூடிக்கொண்டு செய்ததெல்லாம் இப்போது வரவில்லை. பந்து மேலேயே தடுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்தது. அம்மா தைலம் தேய்த்தார். வீடு முழுக்க யூகலிப்டஸ் வாடை. மிஸ் என் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, அணியிலிருந்தும் எடுத்துவிட்டு, ஓரமாக ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். பல் விளக்கும்போது ஒற்றைக்காலில் நில், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஒற்றைக்காலில் நில். வகுப்பில் என்னைக் கொக்கு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் அழுதேன். "என்னைக் கழட்டி விட்டுட்டீங்க மிஸ்" என்றேன்.

"வளர்ற காலுக்கு நீதான் பொறுக்கணும் மோளே. அது உன்னோட சண்டை போடல. வேலை செய்யுது."

அடுத்த வருடம் அந்தக் கால் எனக்குத் திரும்பி வந்தது. பழைய காலைவிட நீளமான, பலமான கால். அதை நான் வெறுமனே வளர்ந்து பெறவில்லை, பொறுத்துப் பெற்றேன் என்று எனக்குப் பெரிய கர்வம்.

உடம்பு வழிக்கு வந்ததும் கோபம் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வெலிங்டன் பக்கத்துப் பள்ளியோடு ஆடியபோது, சட்டையைப் பிடித்து இழுத்தவளைத் தள்ளிவிட்டு வெளியேற்றப்பட்டேன். மிஸ் திட்டவில்லை. அடுத்த மேட்ச் முழுக்கத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "யார் எங்க நிக்குறா? சொல்லிக்கிட்டே இரு" என்றார். எனக்குப் பந்து மட்டும்தான் தெரிந்தது. "அப்ப கோபம் வந்தா உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பல மேட்ச்கள் அப்படிச் சொல்லிச் சொல்லியே, பந்து வருவதற்கு முன்பே எங்கே ஆள் இருக்கிறது, எங்கே காலி என்று பார்க்கப் பழகினேன். பார்த்துக்கொண்டே இருக்கிறவளுக்குக் கோபப்பட நேரம் கிடைப்பதில்லை. பத்தாவது வந்தபோது நடுக்களத்தில் நான்தான் அணியை ஓட்டினேன். அம்மாகூட, "ஊட்டுலயும் இப்பல்லாம் கத்தறதில்லீங்க" என்று மிஸ்ஸிடம் சொன்னார்.

பயிற்சிக்கு முன்னால் தினமும் ஒரு வழக்கம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கே வலி, தூங்கினாயா, சாப்பிட்டாயா, மாதவிலக்கா, எல்லாவற்றையும். எங்கள் வீடுகளில் வாயைத் திறந்து பேசாத சங்கதிகள். முதலில் கெக்கெக்கே என்று சிரித்தோம். வலியைச் சொன்னால் இடம் போய்விடும் என்று மறைத்தோம். கணுக்கால் பிசகியதை மறைக்காமல் சொன்ன ஒருத்தியை மிஸ் ஓய்வெடுக்க வைத்து, சரியானதும் அதே இடத்தில் இறக்கினார். அதைப் பார்த்த பிறகு யாரும் மறைக்கவில்லை. "உடம்பப் பத்திக் கள்ளம் சொல்றவ டீமுக்கே கள்ளம் சொல்றா" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தத்துவம் அதுதான்.

ஆனால் மூச்சு வாங்குவதைப் பற்றி யார் சொல்வார்கள்? எங்கள் ஊரில் எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும். மேடு ஏறினால் வாங்காதா?

பத்தாவது முடிந்த கோடையில் மேட்டுப்பாளையத்தில் போட்டி. மாநில முகாமுக்கு அங்கேதான் ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு. வேனில் கிளம்பினோம். மலைப்பாதையில் இறங்கும்போது எங்கள் பிள்ளைகள் படுகிற பாடு ஊரறிந்தது. ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் மூக்கில், ஆளுக்கொரு கவர் மடியில். எனக்கு அந்தப் பாதை ஒன்றும் செய்யாது. அந்தத் திமிரில் முன் சீட்டில் உட்கார்ந்து, வாந்தி எடுக்கிறவர்களைக் கேலி செய்துகொண்டே போனேன். பர்லியாரில் வண்டி நின்றபோது பலாச்சுளை வாங்கித் தின்றேன்.

கீழே போனால் எங்களுக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு. மேலே மெல்லிய காற்றில் ஓடிப் பழகிய நெஞ்சுக்குச் சமவெளியில் ஓடுவது விளையாட்டு. வெயில் மட்டும்தான் எதிரி. முதல் பாதியில் நான் கொடுத்த பந்தில் ஒரு கோல் விழுந்தது. ஓரத்தில் நின்ற வேற்றாள் ஒருவர் என் சட்டை எண்ணைக் கேட்டு விசாரித்ததை நான் பார்த்தேன். இரண்டாம் பாதியில் இடது பக்கம் காலி இருந்தது. பந்தை அங்கே தட்டிவிட்டு முழு வேகத்தில் ஓடினேன். பந்தை எட்டவில்லை.

கண் விழித்தபோது சுற்றிலும் முகங்கள். சோடா, எலுமிச்சம்பழம், விசிறி. "மலைப்பாத சுத்தீருச்சுங்க, அதான்" என்றார் டிரைவர். ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும். கூட வந்திருந்த டீச்சரும் அதையேதான் சொன்னார். மேலேயிருந்து இறங்கி வந்த பிள்ளை கீழே மயங்கி விழுந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு காரணமே தேவையில்லை. எனக்கும் அந்தக் காரணம் பிடித்திருந்தது. இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்கலாம்.

மிஸ் மட்டும் எல்லோரையும் விலக்கிவிட்டு வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேன்ல வாந்தி எடுத்தியா?"

"இல்ல மிஸ்."

"பர்லியார்ல என்ன தின்ன?"

"பலாச்சுளைங்க."

"தலை சுத்துன ஆளு பலாச்சுளை தின்னுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விழறதுக்கு முன்ன என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். வெயில் என்று சொல்லியிருக்கலாம். நாலு வருடமாகத் தினமும் வட்டத்தில் உட்கார்ந்து உண்மை சொல்லிப் பழகிய வாய், அதுவாகவே சொல்லிவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது, நடுவில் விட்டு விட்டு அடித்தது, பிறகு இருட்டு. இதற்கு முன்பும் மேடு ஏறி ஓடும்போது இப்படி வந்திருக்கிறது, விழவில்லை, அவ்வளவுதான். மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அன்றைக்கு என்னை மறுபடி இறக்கவில்லை. அதுதான் என் கடைசி மேட்ச் என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அம்மா, அப்பா, மிஸ் மூவரும் இருந்தார்கள். டாக்டர் தெளிவாகவே சொன்னார். இதயத்தின் சதை தடித்திருக்கிறது; பிறவியிலேயே உள்ளது; ஓடியதால் வந்தது இல்லை. வேகமாக ஓடினால் நின்றுபோகலாம். ஓடும்போது கண்டுபிடித்ததால் பிழைத்தாள். இனி பந்தயம், போட்டி எதுவும் கிடையாது. தினமும் மாத்திரை. அப்பா மட்டும் மறுபடி மறுபடி, "லேசா விளையாடலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் கேட்பதை நிறுத்தவும் கூடாது என்று இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் என் எண்ணை விசாரித்தவர் ஒரு கிளப் நடத்துகிறவர். வீட்டுக்கே வந்துவிட்டார். விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட்டு, பிறகு வேலை என்றார். டாக்டர் சொன்னதை அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு, "அவுங்க ஆயிரம் சொல்லுவாங்க. நல்லா இருக்குற புள்ளையப் போய் நோயாளி ஆக்காதீங்க" என்றார். அந்த வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். அப்பாவும் பிடித்துக்கொண்டார். சந்தோஷம் தாங்காமல் நானே போய் மிஸ்ஸிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா உட்காரச் சொல்லவில்லை. மிஸ் நின்றுகொண்டே, "அண்ணா, இவள விளையாட விடாதீங்க" என்றார். அப்பா கதவைக் காட்டினார். மிஸ் வெளியே போய், எங்கள் வாசலிலேயே நின்று, அந்தக் கிளப்காரருக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். பிள்ளை உன் மைதானத்தில் செத்தால் நீதான் பொறுப்பு என்று சொன்னது எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் கிளப்காரர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மிஸ் போனை வைத்ததும் நான் வாசலுக்கு ஓடி, "உங்களுக்குப் பொறாமை மிஸ். நீங்க போகாத எடத்துக்கு நான் போயிருவேன்னு பொறாமை" என்றேன்.

"சாரமில்ல" என்றார். பரவாயில்லை என்பதற்கு அவர் ஊர்ச் சொல். ஜெர்கின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு படி இறங்கினார்.

அந்த மாதங்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். கால் தானாகத் துடிக்கும். என் கால் அருமையாக இருந்தது, அதுதான் கொடுமை. வாழ்க்கையிலேயே அவ்வளவு பலமாக, அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிறதாக அது இருந்ததில்லை. கெட்டது வேறெங்கோ இருந்தது. என் வயதுப் பிள்ளைகள் படிப்பு போச்சு, காதல் போச்சு என்று அழும்போது நான் என் தொடையைத் தடவிக்கொண்டு அழுதேன். பிறகு, மேடு பள்ளம் இல்லாத ஊரில் இருந்தால் நல்லது என்று சொல்லி, கோயம்புத்தூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிளஸ் டூ, காலேஜ் எல்லாம் அங்கேதான்; லீவுக்கு அம்மா அப்பாதான் கீழே வருவார்கள். மிஸ்ஸோடு பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை. என்னை மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

போன வருடம் குன்னூரில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்துத் திரும்பி வந்தேன். மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பெண்கள் அணி எங்கே என்றால் யாருக்கும் தெரியவில்லை. முதல் ஞாயிறே கோயில் வாசலில் அந்தப் பேச்சைக் கேட்டேன். ஒரு பெண்மணி என் தோளைத் தடவி, "நல்ல வேள, எங்க புள்ளைய நான் நிறுத்தீட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். அடுத்த ஞாயிறு கோத்தகிரியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

"பொறவிக் கோளாறுன்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்?" என்றார் அம்மா. "ஓடி ஓடி வீக் ஆயிருச்சு, ரெஸ்ட் எடுத்தா சரியாயிரும்னு நாந்தான் எல்லார்த்துகிட்டயும் சொன்னேன். உங்க மிஸ்ஸு கையப் புடிச்சு அழுதேன், வாயத் தொறக்காதீங்கன்னு. ஒரே புள்ளைங்கன்னேன்."

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"தலைய ஆட்டுச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா புள்ளைங்கள நிறுத்தீட்டாங்க. கொஞ்ச நாளு அது மட்டும் காலையில கிரவுண்டுல பந்த வெச்சுட்டு நின்னுட்டு இருக்கும். பள்ளிக்கூடத்துலயும் அடுத்த வருசம் வெச்சுக்கல." அம்மா அரிசியை மறுபடி மறுபடி கழுவினார். "அது ஒரு வார்த்த சொல்லல கண்ணு. சொல்லீருந்தா தப்பிச்சிருக்கும். எனக்கும் தெரியும். ஞாயித்துக்கெழம நீயும் வாயத் தொறக்காத."

ஞாயிறு வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா அம்மா, ஒரு சித்தி, ஒரு மாமா. கேசரி, பஜ்ஜி, காபி. மாப்பிள்ளையின் அம்மா, "ஃபுட்பால்லாம் ஆடுவியாமே, ஏன் உட்டுட்ட?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எனக்குப் பொறவியிலேயே இதயத்துல கோளாறுங்க" என்றேன். "தினமும் மாத்திரை சாப்பிடுறேன். எங்க மிஸ்தான் கண்டுபுடிச்சாங்க. அவுங்க இல்லைன்னா நான் எப்பவோ செத்திருப்பேனுங்க."

மாப்பிள்ளை நல்லவர் போல, "இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் அப்பா, குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா என்று என் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். காபியைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தார்கள், அந்த மட்டுக்கும் மரியாதைக்காரர்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. மிஞ்சிய பஜ்ஜித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்ன அந்த அறையில், பொய்யை நம்பித் தங்கள் பெண்ணை மைதானத்திலிருந்து நிறுத்தியவர்கள் ஒருத்தர்கூட இல்லை.

பழைய தோழி ஒருத்தியிடம் நம்பர் வாங்கி மிஸ்ஸைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும், "மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொன்னதை, நான் சொன்னதை, அவர்கள் எழுந்து போனதை.

"கல்யாணத்தக் கெடுத்துட்டியே மோளே" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்றேன் மிஸ். கோயில்ல சொல்றேன், பள்ளிக்கூடத்துல சொல்றேன். நீங்க திரும்பி வாங்க."

அவர் இப்போது சேரங்கோட்டில் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் வேலை செய்கிறாராம். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்களே, சொல்லிக் கொடுக்கலாமே என்றேன்.

"செஞ்சு பார்த்தேன்" என்றார். "ஏதாவது பிள்ளை ஓடி மூச்சு வாங்குனா எனக்கு நீ விழுந்ததுதான் ஞாபகம் வருது. உடனே விசில் ஊதிருவேன். எல்லாரையும் உட்கார வச்சிருவேன். பிள்ளைங்களுக்குச் சடைச்சு, வெறுத்துப் போச்சு. ஓட விடாத கோச் எதுக்கு, சொல்லு? நானே நிறுத்திட்டேன்."

எங்கள் ஊரில் யார் யாரோ நெஞ்சு கெட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்களே, அது அவருடையது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அந்த நிமிடம் வரை தோன்றவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"வேலைக்கு எப்படிப் போற?" என்று கடைசியில் கேட்டார்.

"பஸ்ஸு மிஸ். ஸ்டாப்புக்கு நடந்து போவேன்."

"மேடா?"

"கொஞ்சம் மேடுதான்."

"மெதுவா நட" என்றார். "நின்னு நின்னு போ."

சரி மிஸ் என்றேன்.